மாடிப்படிக்குக் கீழே மூன்று துப்பாக்கிகள்

"என்ன மாப்பிள்ளை துடைக்கிறீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

மாடிப்படிக்குக் கீழே குனிந்திருந்த தங்கையின் கணவர் திரும்பிப் பார்த்தார். கையில் எண்ணெய்த் துணி. எதிரே திறந்த இரும்பு அலமாரி. உள்ளே இரண்டு வேட்டைத் துப்பாக்கி, ஒரு கைத்துப்பாக்கி.

"துப்பாக்கி மச்சான்," என்றார், ஏதோ குடை என்று சொல்வதுபோல.

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தன் நாட்டில் போலீஸ் ஆயுதக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர். தங்கை குடும்பத்தோடு மூன்று வாரம் இருக்கலாமென்று லீவு போட்டு, கடல் தாண்டி வந்திருந்தார். வந்து நாலு நாள்தான் ஆகிறது.

"லைசென்ஸ் இருக்கா?"

"வீட்டுக்குள்ள வெச்சிருக்க இந்த நாட்டுல அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"அதானே. நேத்துகூடப் பார்த்தேன். தூண்டில் விக்கிற கடையில, பக்கத்து அலமாரியில இதை அடுக்கி வெச்சிருக்கான். எங்க கிடங்குல ஒண்ணு வெளிய போகணும்னா ரெண்டு அதிகாரி கையெழுத்துப் போடணும். ஒரு காலித் தோட்டா குறைஞ்சா, கிடைக்கிற வரைக்கும் ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது. போன மழையில நான் சாக்கடைக்குள்ள கையை விட்டுத் தேடியிருக்கேன் மாப்பிள்ளை. ஒரே ஒரு காலித் தோட்டாவுக்கு."

மாப்பிள்ளை அலமாரியைப் பூட்டினார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"இங்க இது வீட்டுச் சாமான் மாதிரி. அப்பா பிள்ளைக்குக் கொடுத்துட்டுப் போவார். யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல."

"ஊர் எடுத்துக்க வேணாம். நீங்க எடுத்துக்கலாமில்ல? அஞ்சு வயசுப் பொண்ணு ஓடியாடுற வீடு."

"பூட்டித்தான் மச்சான் இருக்கு."

"எங்க ஊர்ல பூட்டும் இருக்கும், பூட்டுக்கு முன்னாடி ஒரு ஆளும் இருப்பான். நான்தான் அந்த ஆள்."

மாப்பிள்ளை எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாளெல்லாம் தனியாகவே வேலை பார்த்து, பேச்சைச் சுருக்கிக்கொண்ட மனுஷன். அந்த மௌனம்தான் அண்ணனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. நேரே சமையலறைக்குப் போனார்.

"உனக்குத் தெரியுமா?"

தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "தெரியும்ண்ணே."

"தெரிஞ்சும் சும்மா இருக்கியா? கரப்பான் பூச்சியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளு. அவருக்கு எதுக்கு மூணு துப்பாக்கி?"

"அவர்கிட்டயே கேளேன்."

"கேட்டாச்சு. வீட்டுச் சாமானாம். கரண்டி, சட்டி மாதிரி."

"அண்ணே, இதை விட்டுடு. தயவுசெஞ்சு."

"விட முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள அது இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா உன்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். அவர் தன் சாமானோட குடும்பம் நடத்தட்டும்."

தங்கை குழாயை மூடினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர். அறுபது வயசு இருக்கும். நல்ல உயரம், பல நாள் தாடி, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டை. கதவைத் திறந்த மாப்பிள்ளையிடம் அந்த ஊர் மொழியில் தாழ்ந்த குரலில் பேசினார். அண்ணனுக்கு அந்த மொழி அரைகுறை. ஆனாலும், துப்பாக்கி என்ற சொல் அவருக்கு எந்த மொழியிலும் தப்பாது.

"சின்னது மட்டும் போதும். சாயங்காலம் கொண்டுவந்துடுறேன்," என்றார் வந்தவர்.

"இல்லைங்க," என்றார் மாப்பிள்ளை.

"ஒரு மணி நேரம்."

"இல்லை."

வந்தவர் முகம் சிவந்தது. கதவு நிலையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். என்னென்னவோ திட்டினார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கதவை அகலத் திறந்து, "உள்ள வந்து உட்காருங்க," என்றார்.

அவர் வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அண்ணனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து அவரிடமே போனார்.

"ஐயா, இந்த வீட்ல மூணு இருக்கறது பத்தாதுன்னு நீங்க வேற வந்து நிக்கிறீங்க. தெரியாமத்தான் கேக்கறேன். துப்பாக்கி இல்லாம இந்த நாட்டுல ஒரு மனுஷனால ஒரு நாள் இருக்க முடியாதா?"

"மச்சான், பேசாம இருங்க," என்றார் மாப்பிள்ளை. குரல் முதல்முறையாக உயர்ந்தது.

பெரியவர் கையமர்த்தினார். "கேக்கட்டும். சரியாத்தான் கேக்கறார்."

அண்ணனுக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அந்த மூணும் என்னோடது. என் மனைவி இறந்த மறுவாரம், எனக்கே என்மேல பயம் வந்துடுச்சு. நானே தூக்கிட்டு வந்து இவர்கிட்ட கொடுத்தேன். யாருக்கும் சொல்லாதீங்க, நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். இன்னைக்கோட ஒன்பது தடவை கேட்டுட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவர் ஒரு தடவை கொடுத்திருந்தாலும், உங்க கேள்விக்குப் பதில் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்."