டிக் போடாத கேள்வி

அந்த வெளிநாட்டுப் பெண்ணைப் போலக் கேள்வி கேட்டே மனுஷனைச் சாகடிக்கிற பிறவியை, ரிட்டயரான ஹெட் கிளார்க் தன் முப்பத்தாறு வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை. ஆடிட்டர்கள்கூட மத்தியானம் சாப்பிடவாவது போவார்கள்.

நம் மொழியையும் பண்பாட்டையும் படிக்க மூன்று மாதம் மாடி அறைக்குக் குடிவந்தவள் அவள். கையில் எப்போதும் ஒரு நோட்டு. வந்த அன்றே ஹெட் கிளார்க் காலரைச் சரிசெய்துகொண்டு சொல்லிவிட்டார்.

"நாட்டைப் பத்தி எது வேணும்னாலும் என்னைக் கேளும்மா. வீட்டம்மாவைக் கேட்காதே. அவளுக்கு அடுப்படியைத் தாண்டி ஒண்ணும் தெரியாது."

அந்தப் பெண் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தாள், எழுத்துதான் தகராறு. அதைப் பழக்கிவிடுகிற சில்லறை வேலையை மனைவிக்கு ஒதுக்கினார் ஹெட் கிளார்க். தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் மாடியில் எழுத்துப் பயிற்சி நடக்கும். கீழே அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

சரித்திரத்தை அவர் வெளுத்து வாங்கினார். உலகமே காட்டில் திரிந்தபோது நம் முன்னோர்கள் சாக்கடை கட்டி வாழ்ந்தார்கள் என்று சொன்ன நேரம் பார்த்து, வாசலில் அடைத்துக்கொண்டிருந்த சாக்கடை நாறித் தொலைத்தது. அந்தப் பெண் மரியாதைக்காக மூக்கைப் பொத்தாமல் எழுதிக்கொண்டாள்.

அடுத்து பண்பாடு. "எங்க ஜனங்க யாரைப் பார்த்தாலும் முதல்ல 'சாப்பிட்டீங்களா'ன்னுதான் கேட்போம். தபால்காரர் வந்தாக்கூட அப்படித்தான். எங்க ரத்தத்துல ஊறினது அது."

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நாலாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண் புத்தக நடையில் முதல் கேள்வியைப் போட்டாள்.

"ஐயா, உங்கள் நாட்டில் சமையல் வேலையைப் பெண்கள் மட்டும்தான் செய்வார்களா?"

நாட்டு மானம் ஹெட் கிளார்க்கின் தலையில் வந்து விடிந்தது. "சேச்சே, யார் சொன்னது? இங்க ஆணும் பொண்ணும் சமம். நானே சமைப்பேனே."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"மிக்க மகிழ்ச்சி. நாளைக் காலையில் நீங்கள் சமைப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாமா?"

மறுநாள் காலை, முப்பத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிற வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் திருதிருவென்று விழித்தார். மனைவி கண்ணால் ஜாடை காட்டினாள். அப்படியும் பொரியலில் சர்க்கரை விழுந்தது. வீட்டுக்கு வீடு ருசி மாறுவதுதான் எங்கள் நாட்டின் சிறப்பு என்று சமாளித்தார். அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் தினம் ஒன்றாக வந்தது. இங்கே ஆண்கள் சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவுவார்களா? ஓ, கழுவுவோமே என்றார். அன்று பிடித்த தட்டை அவரால் கீழே வைக்க முடியவில்லை.

வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவதுண்டா? கிடையவே கிடையாது. அந்த வாரம் அவருடைய நல்ல சட்டையில் மனைவி இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பொசுக்கியபோது, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் திட்டிவிட்டு வந்தார்.

பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா? அனுமதியா, நினைத்தால் கிளம்புவார்கள் என்றார். மறுநாள் விடிந்ததும் மனைவி பெட்டியோடு வாசலில் நின்றாள், அண்ணன் வீட்டுக்கு நாலு நாள். பல்லைக் கடித்த ஹெட் கிளார்க், பக்கத்தில் நோட்டைப் பார்த்ததும் அதை அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மனைவியிடம் கிசுகிசுத்தார். "இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா? அடுத்தவன் வீட்டு அடுக்களையில என்ன ஆராய்ச்சி?"

"சின்னப் பொண்ணு, தெரிஞ்சுக்கணும்னு கேட்குது. நீங்கதானே எது வேணா கேளுன்னீங்க?" மனைவி அவர் கையில் பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொடுத்தாள். "நாட்டோட பேரே உங்க கையிலதான் இருக்கு."

காலண்டரில் நாளைக் கிழித்துக் கிழித்து, கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தேவிட்டது. அந்தப் பெண் பெட்டியோடு கிளம்பினாள்.

"எல்லோரும் நாட்டைப் பற்றிச் சொல்வார்கள் ஐயா. நீங்கள்தான் வாழ்ந்து காட்டினீர்கள்" என்று கைகூப்பினாள்.

டாக்சி தெருமுனை திரும்பியதுதான் தாமதம். ஹெட் கிளார்க் நாற்காலியில் சாய்ந்து, மேஜை மேல் காலைத் தூக்கிப் போட்டு, மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த குரலில் கத்தினார்.

"ஏய்! காபி!"

"கொண்டு வரேன். அதுக்குள்ள மாடி ஜன்னலைச் சாத்திட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மேஜை மேல் ஒரு தாள் இருந்தது. சமையல் யார் செய்வார்கள்? தட்டை யார் கழுவுவார்கள்? அவரைப் படுத்திய அத்தனை கேள்விகளும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் டிக் இல்லை.

'எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பீர்கள் என்றீர்களே, உங்கள் மனைவியை எப்போதாவது கேட்டதுண்டா?'

போகிற போக்கில் என்ன திமிர் இவளுக்கு என்று தாளைக் கிழிக்கப் போனவரின் கை நின்றது. அந்தப் பெண்ணின் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். இது குண்டு குண்டாக, வரிசை பிசகாமல் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷமாக, மாதம் பிறந்தால் மளிகைக் கடைக்கு அவர் எடுத்துக்கொண்டு போகிற சீட்டில் இருக்கும் அதே எழுத்து.