ரீடிங் எவ்ளோ?

"சார், இந்த எழிலரசியை வேற டேபிளுக்கு மாத்துங்க சார். எப்பப் பாரு என் ரீடிங்கையே காப்பியடிக்குது!"

கெமிஸ்ட்ரி லேபே திரும்பிப் பார்த்தது. எழிலரசி மட்டும் தலை குனிந்து பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜெனித் சொன்னதில் பொய்யில்லை. சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டு அவன் குடுவையைக் குலுக்கும்போதெல்லாம் பக்கத்து டேபிளிலிருந்து கழுத்து நீளும்.

"ஜெனித், ரீடிங் எவ்ளோ?"

எரிச்சலில் குழாயைச் சட்டென்று மூடி, பியூரெட்டைக் கையால் மறைப்பான். குமராட்சியில் அவள் மினிபஸ் ஏறும்போதே அந்தக் கழுத்து சிதம்பரத்தில் இறங்கிவிடும் என்று வகுப்பில் பேச்சு.

ஆனால், அவன் பயம் வேறு. குடுவையில் லேசாக ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். அந்த ரோஸ்தான் அவன் கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் குடுவை ரோஸ்மில்க் ஆகும்வரை விட்டுவிட்டு, "கவனிக்கல சார்" என்று சமாளித்தான். பக்கத்தில் இருப்பவள் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால்? படிப்பே போச்சே!

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. யாரோடும் ஒட்டாமல், மெஸ்ஸில் சுவரைப் பார்த்தே சாப்பிட்டான்.

அந்த முதல் நாளுக்கப்புறம் எப்படியோ ஒவ்வொரு தடவையும் சரியாக நின்றது. மாதா கருணை என்று மெழுகுவத்தி ஏற்றினான்.

கலியமூர்த்தி சார் எழிலரசியைக் கடைசி டேபிளுக்கு அனுப்பினார்.

செமஸ்டர் பிராக்டிகல் வந்தது.

ஜெனித் சொட்டு விட்டான். குடுவையில் தண்ணீர். இன்னும் விட்டான். தண்ணீர்தான். மாதாவைக் கூப்பிட்டான். அப்போதும் தண்ணீர். விடுவதா, நிறுத்துவதா?

"ஜெனித், ரீடிங் எவ்ளோ?"

கை தானாகக் குழாயை மூடியது. பக்கத்துத் தொட்டியில் குடுவை கழுவ வந்த எழிலரசி!

சார் பாய்ந்து வந்தார். "பரீட்சையிலேயுமா? மால்பிராக்டிஸ்னு எழுதிடுவேன். வெளிய போ!"

அவள் டேபிளுக்குப் போய்ப் பேப்பரை எடுத்தவர் அப்படியே நின்றார். ரீடிங், கணக்கு, விடை எல்லாம் முடித்து அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"அதான் முடிச்சிட்டியே. அவன்கிட்ட என்னாத்துக்குக் கேட்ட?"

"சும்மா சார்... பழக்கமாயிடுச்சி."

"பழக்கமா? அப்ப ஃபெயிலாகியும் பழகிக்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சார் ஜெனித்தின் குடுவைமேல் குனிந்தார். "உனக்கென்னய்யா! லேசான ரோஸ். ஒரு சொட்டுகூட ஜாஸ்தியில்ல. சபாஷ்!"

ஜெனித் குடுவையைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான்.

"சார், அவளைக் கூப்பிடுங்க. எனக்கு இது தண்ணியாத்தான் தெரியுது."