பின்னால் நீண்ட கை

பேச்சி வளைவைத் தாண்டிவிட்டாள்.

முன்னால், பேட்டன் கட்டையை வாங்க வேண்டியவள் குனிந்து நின்றாள். தரையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பின் மேலேயே கண். பேச்சியின் கால் அதில் பட வேண்டும், தான் பாய வேண்டும். அதற்கப்புறம் பின்பக்கம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

பட்டது.

பாய்ந்தாள்.

"கை!"

பேச்சியின் குரல். அந்தக் குரலுக்கு இடக்கை மட்டும்தான் பின்னால் போக வேண்டும். முகம் போகக் கூடாது. ரிலே ஓட்டத்தின் முதல் பாடமே அதுதான்.

முகம் போனது.

முழுசாகத் திரும்பி நின்றேவிட்டாள். மோதிவிடாமல் இருக்கப் பேச்சி பக்கவாட்டில் துள்ளினாள். பேட்டன் அவள் விரல் நுனியில் பட்டுத் தெறித்து, கிணுங்கிக்கொண்டே ஓடி, கோச் சார் காலடியில் போய் நின்றது.

நாளைக் காலை மாநில இறுதி ஓட்டம். கடைசி ஆளாக ஓடப்போவது அவளா, வேலியோரம் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருக்கும் சுபிதாவா? பொழுது சாய்வதற்குள் சார் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

"ப்ராக்டிஸ் பத்தல" என்றார் தங்கதுரை சார். "ரெண்டு மாசமா கட்டையத் தொட்டாளா பிள்ள? கை மறந்துட்டு. வேற ஒண்ணுமில்ல."

"மறக்கல சார்." விளையாட்டு விடுதிக்கு வாரம் ஒருமுறை வரும் மனநல டாக்டரம்மா குரலைத் தணித்தார். "மனசுல ஒரு தடை உக்காந்திருக்கு. கூட ஓடின பிள்ளை செத்துப்போச்சு. அது இறங்காம இவளை எவ்வளவு ஓடவிட்டாலும் இதே கதைதான்."

"மனசாவது ஒண்ணாவது. நூறு தடவ வாங்கினா தன்னால வரும்."

ஆள் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல இரண்டு பேரும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

தனியாக ஓடவிட்டால் இன்றைக்கும் தூத்துக்குடியில் அவளை முந்த ஆளில்லை. பின்னால் ஒருத்தி வந்தால்தான் இந்த வினை.

முன்பெல்லாம் பின்னால் வந்தவள் ரெக்சி.

ஒரே அறை. ஒரே தட்டு. ரெக்சி கொடுத்த பேட்டனை அவள் ஒருநாளும் பார்த்து வாங்கியதில்லை. 'கண்ணக் கட்டிவிட்டாலும் வாங்கிருவாளுவ ரெண்டும்' என்று சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்த ரெக்சிதான் விடியற்காலை ஓட்டத்தில், உப்பளச் சாலையில், விழுந்தாள். இதயம் என்றார்கள்.

முன்னால் ஓடிய அவளோ முக்கு டீக்கடை வரை போய்விட்டாள். இரண்டு டீ சொன்னாள். ரெக்சியின் டீயில் ஆடை படிந்த பிறகுதான் வந்த வழியே நடந்தாள்.

போலீஸ்காரர் கேட்டார். சத்தம் ஏதாவது கேட்டதா?

"இல்ல சார்."

ரெக்சியின் அம்மா கேட்டாள்.

"கேக்கல அத்த."

அந்த அம்மா அவள் கையிரண்டையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீ என்ன செய்வ மக்ளே. ஒனக்குத் தெரிஞ்சா ஓடி வந்திருக்க மாட்டியா."

"கடைசியா ஒருக்க ஓடு" என்றார் சார்.

பேச்சி பேட்டனைப் பொறுக்கிக்கொண்டு அவளருகே வந்தாள். பதினாறு வயசு. கண்ணில் பயம்.

"யக்கா, நா கத்தாம வந்து பைய வச்சிரட்டா? சாருக்குத் தெரியாது."

"கத்துட்டி" என்றாள் அவள். "நல்லா கத்து."

வளைவு. டேப். பாய்ச்சல்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. திரும்ப மாட்டேன், திரும்ப மாட்டேன், திரும்ப...

"கை!"

பேட்டன் மண்ணில் கிடந்தது. அவள் பேச்சியைப் பார்த்தபடி நின்றாள். பேச்சி இரண்டு காலில் நிற்கிறாள், மூச்சு விடுகிறாள் என்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சார் குனிந்து பேட்டனை எடுத்தார். பனியனில் மண்ணைத் துடைத்தார். வேலியோரம் போய்ச் சுபிதாவின் கையில் வைத்தார்.

"நீ போய் உக்காரு பிள்ள."

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, தோற்றுப்போன குரலில் சொன்னார்.

"நாந்தான் சொன்னேம்லா. ப்ராக்டிஸ் பத்தல."

அவள் வேலியோரம் உட்கார்ந்தாள். இடக்கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள்.

பத்தவில்லையாம்.

அன்றைக்கு உப்பளச் சாலையில் பேட்டன் அவளிடம்தான் இருந்தது. வலக்கையில். கொடுப்பதற்கு ரெக்சியிடம் எதுவுமே இல்லை.

ஆனாலும் பின்னாலிருந்து குரல் வந்தது. ஒரே ஒரு தடவை. அவள் பெயர்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

கேட்ட மாத்திரத்தில், யோசனை எதுவும் இல்லாமல், சார் சொல்லிக்கொடுத்தபடி, இடக்கை தானாகப் பின்னால் நீண்டது. உள்ளங்கை விரிந்து, கட்டைவிரல் விலகி, துளி நடுக்கம் இல்லாமல்.

கையில் எதுவும் வந்து விழவில்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினாள்.

முகம் மட்டும் திரும்பவே இல்லை.