கைப்பிடி மண்

தூண்டில் போடப் பொறுமையில்லாத கஸ்பார் பவளப்பாறையில் மீன்பிடி வெடித் தோட்டாவை வீசினான். அங்கே சங்கெடுக்க முங்கியிருந்த தங்கை புருஷனுக்கு இரண்டு காதும் போயிற்று. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் செத்துக் கரையொதுங்கின. தங்கை சவேரியம்மாள் வந்தாள். அண்ணன் முன்னால் குனிந்து வெள்ளை மணலைக் கை நிறைய அள்ளினாள். கூடப்பிறந்தவள் மண்ணை வாரித் தூற்றினால் வம்சம் விளங்காது. கஸ்பார் இரண்டடி பின்வாங்கினான்.

"வேண்டாம்ட்டி..."

அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிளிமீனு ஆயுசு பூராவும் பாறையக் கடிச்சுத் தின்னு பேண்ட மண்ணு இது. இதப்போயி ஒம்மேல வீணாக்கணுமாக்கும்?"

விரல்களை விரித்து உதிர்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நடந்தாள். கஸ்பார் அந்த மண்ணையே அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"தங்கச்சி, தூத்திட்டாவது போம்மா!"