ஆறரைக்கு வருகிற மகன்

"செட்டிங்ஸ் பழுதாப் போச்சு அன்ரி. அத அழிச்சாத்தான் திறக்கும்."

"அழிச்சா நிதுர்ஷன்ட பேரும் போயிடுமா தம்பி?"

இராசாத்தி திரைக்குக் கிட்ட வந்து கேட்டாள். ஹலீம் திரும்பிப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தான். அவனும் அவள் மகன் நிதுர்ஷனும் சேர்ந்துதான் காத்தான்குடியில் கம்ப்யூட்டர் கடை நடத்தினார்கள். தேற்றாத்தீவு வீட்டில் அம்மாவுக்கு லினக்ஸ் போட்டு, தட்டவும் பழக்கிக் கொடுத்துவிட்டு வன்னிக்கு வேலைக்குப் போனான் நிதுர்ஷன். பிறகு அங்கே சண்டை மூண்டது. அது முடிந்த பிறகு ஒருநாள் கம்ப்யூட்டரில் எழுத்தில் கதைக்க வந்தான். எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறானாம், இடம் சொல்ல ஏலாதாம். அன்றிலிருந்து பின்னேரம் தவறாமல் வருவான். அவளுக்கு நாளில் வேறு பேச்சுத்துணை கிடையாது. இன்று பார்த்து அந்த அரட்டை மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"செட்டிங்ஸ எழுதக்குள்ள கரண்ட் போயிருக்கு, பாதியில நிண்டுட்டு," என்றான் ஹலீம். "பயப்பிடாதீங்க, நான் அழிக்கல்ல. பழைய ஃபோல்டர்ர பேர மாத்தி ஒரு பக்கம் வைக்கிறன். கதைச்சதெல்லாம் அதுக்குள்ள இருக்கு, எடுத்துப் போடலாம்."

"அவன் வாறதுக்குள்ள முடிஞ்சாக் காணும். முந்தி ஆறு மணிக்கே வருவான். இப்ப கொஞ்ச நாளா ஆறரை ஆகுது."

"முடிஞ்சிடும் அன்ரி."

"நோன்புக்காரப் புள்ள, தேத்தண்ணி தரவும் வழியில்ல. வீட்டில ஆரு கஞ்சி காய்ச்சிற?"

"பள்ளிவாசல்ல குடுப்பாங்க. உம்மாவக் கடல் கொண்டு போனதுக்குப் பிறகு வீட்டில அடுப்பு மூட்டுறதில்ல."

"இஞ்சயும் ஒரு வயித்துக்குத்தான் அடுப்பு எரியுது," என்றாள் இராசாத்தி.

அரட்டைப் பெட்டி திறந்தது. நிதுர்ஷனின் பேரும் பழைய பேச்சும் அப்படியே இருந்தன. அவள் கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஹலீம் அவசரமாக மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

காத்தான்குடிக்கு வந்தபோது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் வாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கஞ்சியை வாங்கி வந்து கடை மேசையில் மூடி வைத்துவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட வாயில் போடாமல் நிதுர்ஷனுடைய கம்ப்யூட்டரைப் போட்டான். வன்னிக்குப் போனவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவனுடைய கணக்கு மட்டும் இங்கே திறந்தே கிடந்தது. சண்டை முடிந்த பிறகு அதில் 'மகன், இருக்கிறியா?' என்று ஒரு வரி வந்தபோது, ஹலீமால் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

'அம்மா, வந்துட்டன்,' என்று தட்டினான்.

உடனே பதில் வந்தது.

'கஞ்சி ஆறிடும் மகன், முதல்ல நோன்பத் திறந்திட்டு வாங்க. நான் இருக்கன்.'