வாளுக்குப் பக்கத்திலிருந்த அட்டை

லண்டனில் அன்று நாங்கள் நுழைந்த நான்காவது மியூசியம் அது. என் முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் பூட்டனாரின் வாள் இருந்தது. வெள்ளைக்காரன் பறித்துக்கொண்டு போனான் என்று சொல்லி, ஆயுத பூஜைதோறும் அது இருந்த வெறும் பலகைக்குச் சந்தனம் வைக்கும் குடும்பம் நாங்கள். பக்கத்து அட்டையில் அவர் பெயரைப் போட்டு, ‘நட்புக்காக மனமுவந்து தந்தது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

மருமகள் பூங்கோதை கைபேசியுடன் வந்தாள். நான் அட்டையை மறைத்து நிமிர்ந்து நின்றேன்.

“தள்ளுங்க மாமா, என்ன எழுதியிருக்குன்னு பங்காளிங்களுக்கெல்லாம் அனுப்பணும்.”

“என்னையும் சேத்து எடும்மா.”

“எடுத்தாச்சு. காலு நடுங்குது பாருங்க, அந்த பெஞ்சில உக்காருங்க.”

“நீ போய் உக்காரு. நான் நிக்கிறேன்.”

மியூசியம் மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.