விசையைத் தேய்த்தவன்

பிஸ்டலின் விசையை மெல்ல இழுத்துப் பார்த்தான் ஆண்டியப்பன். விரல் பட்டதும் 'டிக்'கென்று விழுந்தது. "அந்த லோஜினி கத இதோட முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டான்.

பயப்பட வேண்டாம், அவன் கொலைகாரன் இல்லை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பழுதுபார்க்கிறவன். கையில் இருந்தது பள்ளிக்கூடத்துக் காற்றுத் துப்பாக்கி. மாகாணத் துப்பாக்கிச் சுடும் குழுவில் இருந்த ஒரே இடத்துக்கு அவன் மகள் தனுஷிகாவும், அதே லயத்து வரிசை வீட்டில் இருந்த லோஜினியும் போட்டியிட இருந்தார்கள்.

அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகள். பிடி ஆடுகிறதென்று பள்ளிக்கூடத்துத் தரணிதரன் மாஸ்டர்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "திருகாணிய மட்டும் இறுக்குங்க அண்ணே. உள்ள கை வைக்காதீங்க. கம்பெனிக்காரன் பூட்டுனது பூட்டுனபடியே இருக்கட்டும்."

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. அரம் பிடித்த கை மட்டும் இருக்குமா? தொழிற்சாலைக்கு வந்த எந்தப் புது மெசினையும் அவன் பிரித்துத் தேய்க்காமல் விட்டதில்லை. மகளுக்கென்று ஒன்றை மட்டும் பிரித்து, தொட்டாலே விழும்படி விசை உரசும் இடத்தை வழுவழுவென்று தேய்த்தான். அடையாளத்துக்கு அதன் பெட்டியில் மாரியம்மன் கோயில் சிவப்பு நூலைக் கட்டி, கம்பியை முறுக்குவதுபோல் முறுக்கி முடிச்சுப் போட்டான்.

"நூல் கட்டுனது தனுஷிகாவுக்கு, மத்தது லோஜினிக்கு" என்று சொல்லி இரண்டையும் மகளிடமே கொடுத்தனுப்பினான்.

போட்டியன்று நுவரெலியா மண்டபத்தில் இரண்டு பெட்டிகளும் மேசைக்கு வந்தன. தனுஷிகாவின் பெட்டியில் சிவப்பு நூல், சடை ரிப்பன்போல் பூ முடிச்சில் ஆடிக்கொண்டிருந்தது.

நடுவர் ஒவ்வொரு துப்பாக்கியின் விசையிலும் அரைக் கிலோ எடைக்கல்லை மாட்டித் தூக்கினார். கல்லின் பாரத்துக்கே விசை விழுந்தால் அந்தத் துப்பாக்கி செல்லாதாம். இப்படி ஒரு சட்டம் இருப்பதே ஆண்டியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

'டிக்.'

விழுந்தது லோஜினியின் துப்பாக்கி. மாற்றுத் துப்பாக்கி இல்லாததால் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தனுஷிகாவின் துப்பாக்கி கல்லைத் தாங்கியது. அவள் நிதானமாகச் சுட்டு, இடத்தையும் பிடித்துவிட்டாள்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் மகளுக்காக வந்திருந்த லோஜினியின் அம்மா பேச்சியம்மா, அழுகிறவளின் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பனைக் கண்டதும், "ஒங்க புள்ளையாவது செயிச்சுச்சே அண்ணே" என்றாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணு தெரியாத கபோதி, பெட்டியை மாற்றிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மகளைத் தனியே அழைத்தான்.

"பாப்பா, ஒனக்குச் சொகமா இருக்கட்டும்னு விசையத் தேச்சுட்டேன். நூலத் தப்பான பெட்டியில கட்டிட்டேன் போல. அந்தப் புள்ள பாவம். வா, மாஸ்டர்கிட்ட சொல்லிருவோம். அப்பாவுக்கு வெக்கமா இருக்கு."

தனுஷிகா தலை நிமிரவில்லை.

"நீங்க சரியாத்தான்பா கட்டுனீங்க. அமுக்குனதுமே தெரிஞ்சுது, இது கல்லுல நிக்காதுன்னு."

"அப்புறம்?"

"நான்தான் நூல மாத்திக் கட்டுனேன்."